பெட்ரோலைக் குடிக்கும் சொகுசு கார்: வைத்திருப்பதா, மாற்றுவதா, எதற்கு மாற்றுவது?

பெரிய எஞ்சின் பொருத்திய சொகுசு கார் ஒன்றை வைத்திருப்பவருக்கும், அப்படியொன்றை வாங்கும் வசதி இப்போது வந்திருப்பவருக்கும் முன்னால் இருக்கும் கேள்வி, வாங்கலாமா கூடாதா என்ற அளவில் நின்றுவிடுவதில்லை. லிட்டருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் மட்டுமே ஓடும் வண்டியை அப்படியே வைத்துக்கொள்ளலாம். அதே வகையில் புதியது வாங்கலாம். ஹைப்ரிட் (எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்தது), பிளக்-இன் ஹைப்ரிட் (வெளியிலிருந்தும் சார்ஜ் செய்யக்கூடிய ஹைப்ரிட்), முழு மின்கார் ஆகியவற்றுள் ஒன்றுக்கு மாறலாம். அல்லது அன்றாடத் தேவையைச் சிறிய வண்டியால் நடத்திக்கொண்டு, பெரிய வண்டி வேண்டிய நாள்களில் மட்டும் வாடகைக்கு எடுக்கலாம். இவற்றுள் எது சுற்றுச்சூழலுக்குக் குறைந்த கேடு செய்யும் என்று கேட்டால் விற்பனையாளர் ஒருவிதமாகவும் சூழலியல் ஆர்வலர் வேறுவிதமாகவும் பதில் சொல்வார்கள். இரண்டு பதில்களிலும் பெரும்பாலும் விடுபட்டுப்போகும் விவரங்கள் மூன்று: வண்டி ஆண்டுக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, அதன் எடை எவ்வளவு, மின்சாரத்தில் ஓடுவதானால் அந்த மின்சாரம் எதிலிருந்து தயாராகிறது. முகப்பில் ஒட்டியிருக்கும் சின்னத்தைவிட இந்த மூன்றுமே விடையைத் தீர்மானிக்கின்றன.

ஒப்பிடத் தொடங்கும் முன் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். நாம் வழக்கமாகப் பேசும் மைலேஜ், அதாவது லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கணக்கு, எரிபொருளை அதிகம் விழுங்கும் வண்டிகளைப் பொறுத்தவரை கண்ணைக் கட்டிவிடுகிறது. 15 கி.மீ. தரும் காரை விற்று 25 கி.மீ. தரும் காரை வாங்கியவர் பெரிதாகச் சேமித்ததுபோலவும், 5 கி.மீ. தரும் காரிலிருந்து 7 கி.மீ. தரும் காருக்கு மாறியவர் ஒப்புக்கு ஏதோ செய்ததுபோலவும் தோன்றும். ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓட்டுவதாக வைத்துக்கொண்டால், முதலாமவர் மிச்சப்படுத்துவது 400 லிட்டர். இரண்டாமவர் மிச்சப்படுத்துவது 850 லிட்டருக்கும் மேல். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லேரிக், ஜாக் சோல் ஆகிய இருவரும் 2008-இல் ‘சயன்ஸ்’ ஆய்விதழில் இந்த மயக்கத்தை விளக்கினார்கள். ஐரோப்பியர்களைப் போல 100 கி.மீ.க்கு எத்தனை லிட்டர் என்று கணக்கிடப் பழகினால் மயக்கம் தெளிந்துவிடும். சிக்கனமான கார் வைத்திருப்பவர் இன்னும் சிக்கனமானதைத் தேடி அலைவதைவிட, படுமோசமான வண்டியை வைத்திருப்பவர் சற்றே மோசமான வண்டிக்கு இறங்கி வருவது அதிகப் பயன் தரும் என்பது இதிலிருந்து கிடைக்கும் முதல் முடிவு. ஆகவே சொகுசு கார் உரிமையாளரின் தீர்மானம், அவர் எண்ணிக்கையில் எவ்வளவு சிறுபான்மையாக இருந்தாலும், அற்பமானதன்று.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. டீசலுக்கு அது 2.6 கிலோவைத் தாண்டும். எரிபொருளில் உள்ள கரிமம் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால், முக்கால் கிலோ எடையுள்ள பெட்ரோல் மூன்று மடங்கு எடையுள்ள வாயுவாகிறது. கச்சா எண்ணெயை எடுத்து, சுத்திகரித்து, விற்பனை நிலையம் வரை கொண்டுவருவதற்கு ஆகும் ஆற்றலையும் சேர்த்தால் இந்தக் கணக்கு இன்னும் ஐந்தில் ஒரு பங்கு கூடும். எனவே லிட்டருக்கு 7 கி.மீ. தரும் வண்டி ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் 2,140 லிட்டர் தீர்ந்து, ஏறத்தாழ 6 டன் கரியமில வாயு சேரும். இனி வரும் ஒப்பீடுகள் அனைத்தும் இந்த 6 டன்னையும் இதே தூரத்தையும் அடிப்படையாகக் கொண்ட தோராயக் கணக்குகள்.

இவ்வளவு எரிபொருளும் எங்கே போகிறது என்று தெரிந்தால்தான் மாற்றுவழிகளின் தரம் புரியும். இரண்டரை டன் எடையுள்ள சொகுசு எஸ்யூவி சமதளச் சாலையில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் சீராகச் செல்லும்போது சக்கரங்களுக்குத் தேவைப்படுவது சுமார் 20 கிலோவாட், அதாவது 27 குதிரைத்திறன். 600 குதிரைத்திறன் கொண்ட எஞ்சின் அப்போது தன் வலிமையில் இருபதில் ஒரு பங்கைக்கூடத் தொடுவதில்லை. பெட்ரோல் எஞ்சின் இப்படி மிகக் குறைந்த சுமையில் இயங்கும்போதுதான் அதன் திறமை மிகவும் தாழ்ந்திருக்கும்: காற்று உள்ளே வரும் வழியைத் த்ராட்டில் பாதி மூடி வைத்திருப்பதால் எஞ்சின் மூச்சுத் திணறி உழைக்கிறது, பெரிய பிஸ்டன்களின் உராய்வோ வேலை குறைந்ததற்காகக் குறைவதில்லை. நெரிசலில் நின்று நின்று செல்லும்போது ஒவ்வொரு முறை பிரேக்கை மிதிக்கும்போதும் வண்டியின் இயக்க ஆற்றல் வெப்பமாக வீணாகிறது. எடை இருமடங்கானால் அந்த வீணும் இருமடங்கு. யானையைக் கட்டித் தீனி போடுவது என்று சொல்வார்களே, அந்தக் கதைதான். அது மரம் இழுத்தாலும் சும்மா நின்றாலும் தீனி வைத்தாக வேண்டும். 2005-இல் வந்த புகாட்டி வேய்ரான், தன் உச்ச வேகமான 400 கி.மீ.க்கு மேல் ஓடினால் 100 லிட்டர் கொள்ளளவுள்ள தொட்டியைப் பன்னிரண்டு நிமிடத்தில் காலி செய்துவிடும் என்பதைப் பலரும் வியப்போடு எடுத்துக்காட்டுவார்கள். அது காட்சிப்பொருள். சொகுசு கார்களின் மெய்யான வீண்செலவு அந்த வேகத்தில் இல்லை. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் ஊரும் மாலை நேரச் சாலையில் இருக்கிறது.

அதே வகையில் புதிய பெட்ரோல் கார் வாங்குவது பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. டர்போ, தேவையற்றபோது சில சிலிண்டர்களை நிறுத்திவைக்கும் ஏற்பாடு, 48 வோல்ட் துணை மோட்டார் ஆகியவற்றால் எஞ்சின்கள் மேம்பட்டது உண்மை. அந்த ஆதாயத்தின் பெரும்பகுதியை வண்டிகளின் எடையும் உயரமும் விழுங்கிவிட்டன என்பதும் உண்மை. உற்பத்தியாளர்களே இரண்டு மனத்தோடு இருக்கிறார்கள். பென்ட்லி நிறுவனம் தன் 12 சிலிண்டர் எஞ்சினின் உற்பத்தியை 2024-இல் நிறுத்தியது. ஆனால் 2030-க்குள் மின்கார்கள் மட்டுமே என்ற தன் இலக்கை 2035-க்குத் தள்ளியும் வைத்தது. ஃபெராரி 2022-இல் அறிமுகப்படுத்திய புரோசாங்குவே, எந்த மின்துணையும் இல்லாத 12 சிலிண்டர் எஞ்சினோடு வந்தது. சட்டங்களிலும் இதே தடுமாற்றம் உண்டு. அமெரிக்கா 1978-இல் இயற்றிய சட்டத்தின்படி, கேலனுக்கு 22.5 மைலுக்குக் குறைவாக ஓடும் கார்களுக்கு 7,700 டாலர் வரை தனி வரி விதிக்கப்படுகிறது. எஸ்யூவிகளுக்கும் பிக்கப்களுக்கும் அந்த வரி கிடையாது. அதிகம் குடிப்பவருக்கு விலக்கு அளித்துவிட்டு அடுத்தவரைத் தண்டிக்கும் இந்த ஏற்பாடு இன்றும் நடப்பில் இருக்கிறது. சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி 2023-இல் உலகில் விற்ற கார்களில் 48 விழுக்காடு எஸ்யூவிகள். சாலையில் ஓடும் எஸ்யூவிகள் எல்லாம் சேர்ந்து ஆண்டுக்கு 100 கோடி டன்னுக்கு மேல் கரியமில வாயுவை வெளியிடுகின்றன. பாரிஸ் நகரம் 2024-இல் வாக்கெடுப்பு நடத்தி, வெளியூர்க்காரர்களின் கனமான வண்டிகளுக்கு நிறுத்தக் கட்டணத்தை மும்மடங்காக்கியபோது, பெட்ரோல், டீசல், ஹைப்ரிட் வண்டிகளுக்கு 1.6 டன், மின்கார்களுக்கு 2 டன் என்று எடையையே எல்லையாக வைத்தது. பத்தாண்டு வைத்திருக்கப்போகும் வண்டியை வாங்குபவர், இத்தகைய விதிகள் குறையுமா கூடுமா என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். புதிய பெரிய பெட்ரோல் காருக்கு ஆதரவாகச் சொல்லக்கூடியது, அதை விரும்பி வாங்குகிறார்கள் என்ற ஒன்றுதான். விருப்பம் குற்றமில்லை, ஆனால் அதைச் சூழலியல் வாதமாக யாரும் முன்வைக்கக் கூடாது.

இருப்பதையே வைத்துக்கொள்ளும் வழி இதைவிட மதிப்பு மிக்கது. பேச்சில் அது பெறும் இடமோ மிகக் குறைவு. பெரிய கார் ஒன்றைத் தயாரிக்க, எஃகு, அலுமினியம், கண்ணாடி, பிளாஸ்டிக் என எல்லாவற்றையும் சேர்த்துச் சுமார் 10 டன் கரியமில வாயு ஆகிறது. மின்காரானால் பேட்டரிக்குத் தனிக் கணக்கு. பழைய 8 சிலிண்டர் காரை ஆண்டுக்கு 2,500 கி.மீ. மட்டும் ஓட்டுபவர் அதற்காக வெளியிடுவது ஆண்டுக்கு ஒரு டன் அளவுதான். அவர் அதைக் கைவிட்டுப் புத்தம்புதிய கார் வாங்கினால், அந்தப் புதிய கார் ஒரு துளிப் புகையும் விடாமல் ஓடினாலும், தயாரிப்புக் கடனை அடைக்கவே பத்தாண்டுக்கு மேல் ஆகும். தினமும் நீண்ட தூரம் சென்று வரும் சிக்கனமான கார்க்காரர், வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கப்படும் இந்தப் பழைய வண்டியைப் பார்த்து முகம் சுளிப்பதில் பொருளில்லை. லிட்டருக்கு 18 கி.மீ. தரும் காரில் ஆண்டுக்கு 20,000 கி.மீ. ஓடுபவரின் கணக்கு மூன்று டன் வருகிறது.

இங்கே இன்னொரு சிக்கலையும் சொல்ல வேண்டும். விற்கப்பட்ட கார் மறைந்துவிடுவதில்லை. சொகுசு கார்களின் மதிப்பு முதல் சில ஆண்டுகளிலேயே வேகமாகச் சரிவதால், புதிதாக வாங்க முடியாதவர் ஒருவர் அதைக் குறைந்த விலைக்கு வாங்கி, முதல் உரிமையாளரைவிட அதிகமாகவே ஓட்டக்கூடும். நான் மாறிவிட்டேன் என்று நிம்மதி கொள்பவரின் கணக்கிலிருந்து அந்தப் புகை நீங்கியிருக்கும், காற்றிலிருந்து நீங்கியிருக்காது. இதை வைத்து யாரும் மாறவே கூடாது என்று வாதிட முடியாது. பழைய கார்கள் சந்தைக்கு வருவதால் அவற்றின் விலை குறைந்து, புதிய பெட்ரோல் கார் வாங்க நினைத்த சிலர் பழையதை நோக்கித் திரும்புவதும் உண்டு. ஆனால் அரிதாக ஓடும் வண்டியை அப்படியே விட்டுவைப்பது பல வேளைகளில் மிகக் குறைந்த கேடு செய்யும் வழி என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. நகரத்தின் காற்று என்ற கோணத்தில் பார்த்தால் மட்டும் நிலை மாறும்: பழைய எஞ்சின்கள் வெளியிடும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நுண்துகள்களும் புதிய வண்டிகளைவிட மிக அதிகம், அவை தெருவில் நடப்பவரின் நுரையீரலுக்கு நேராகச் செல்கின்றன. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் பழைய வண்டிக்கு இந்தப் பத்தியின் சலுகை எதுவும் பொருந்தாது.

ஹைப்ரிட் என்ற சொல் இன்று பல வேறுபட்ட வண்டிகளின் மேல் ஒட்டப்படுவதால் கவனம் தேவை. 48 வோல்ட் மோட்டார் மட்டும் உள்ள மென் ஹைப்ரிட், எரிபொருளில் சில விழுக்காடு மிச்சப்படுத்தும். பின்புறத்தில் எழுத்து பதித்துக்கொள்வதற்கு அது போதுமானது, வேறு பெரிதாக எதற்கும் போதாது. 1997-இல் டொயோட்டா பிரியஸ் வழியாகப் பரவிய முழு ஹைப்ரிட் முறை வேறு. அதில் பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றல் பேட்டரிக்குத் திரும்புகிறது. குறைந்த வேகத்தில் எஞ்சின் அணைந்து மோட்டார் மட்டும் இழுக்கிறது. எஞ்சின் தனக்கு உகந்த சுமையில் மட்டும் இயங்குமாறு அமைப்பு பார்த்துக்கொள்கிறது. மேலே சொன்ன வீண்செலவுகளுக்கு இது நேரடி மருந்து. நான்கு சிலிண்டர் எஞ்சினோடு இம்முறை பொருத்திய வசதியான செடான் ஒன்று அன்றாட ஓட்டத்தில் லிட்டருக்கு 18 கி.மீ. தருமானால், ஆண்டுக் கணக்கு 6 டன்னிலிருந்து 2.3 டன்னுக்கு இறங்கிவிடும். சார்ஜ் செய்ய இடம் தேட வேண்டாம், பழக்கத்தை மாற்ற வேண்டாம். ஆனால் இதே மருந்தை வேறு நோய்க்குக் கொடுத்தால் பலிக்காது. 2007-இல் வந்த லெக்சஸ் எல்எஸ் 600எச், 5 லிட்டர் 8 சிலிண்டர் எஞ்சினோடு ஹைப்ரிட் மோட்டாரையும் சேர்த்துக்கொண்டது. அமெரிக்க அரசின் மதிப்பீட்டில் அது தந்தது லிட்டருக்கு 9 கி.மீ. அளவே. மிச்சமாகியிருக்க வேண்டியது வேகமாகவும் எடையாகவும் மாறிப்போனது. ஹைப்ரிட் வாங்குபவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி, மோட்டார் எஞ்சினின் ஒரு பகுதிக்கு மாற்றாக வந்திருக்கிறதா, முழு எஞ்சினுக்கு மேல் கூடுதலாக வந்திருக்கிறதா என்பதுதான்.

அந்தக் கேள்வி பிளக்-இன் ஹைப்ரிட்டில் இன்னும் கூர்மையாகிறது. தாளில் பார்த்தால் இதைவிடச் சிறந்த சமரசம் இல்லை: அன்றாடத்தின் முதல் 60 முதல் 100 கி.மீ. வரை மின்சாரத்தில் ஓடும், நீண்ட பயணத்துக்கு எஞ்சின் காத்திருக்கும். பெரும் சொகுசு கார்களின் அதிகாரபூர்வப் புகைக்கணக்கு இதனால் கிலோமீட்டருக்கு 30, 40 கிராம் என்று சிறிய ஹேட்ச்பேக்கையும் வெட்கப்பட வைக்கும் எண்ணுக்கு இறங்கிவிடுகிறது. அந்த எண், உரிமையாளர் தவறாமல் சார்ஜ் செய்வார் என்ற அனுமானத்தில் எழுதப்பட்டது. ஐரோப்பாவில் கார்களுக்குள்ளேயே பொருத்தப்பட்ட அளவிகளின் தரவைத் திரட்டி ஐரோப்பிய ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையில், பிளக்-இன் ஹைப்ரிட்கள் சாலையில் வெளியிடும் கரியமில வாயு அதிகாரபூர்வக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு இருந்தது; சாதாரணப் பெட்ரோல், டீசல் கார்களுக்கு அந்த இடைவெளி 20 விழுக்காடு அளவே. அதற்கு முன்பே ஐரோப்பாவில் நடந்த இன்னோர் ஆய்வில், சொந்தமாக வாங்கியவர்கள் தூரத்தில் 45 முதல் 49 விழுக்காட்டையும், நிறுவனம் கொடுத்த காரை ஓட்டுபவர்கள் 11 முதல் 15 விழுக்காட்டையும் மட்டுமே மின்சாரத்தில் ஓட்டியதாகத் தெரிந்தது. எரிபொருள் அட்டையை நிறுவனம் கொடுத்து, வீட்டு மின்கட்டணத்தைத் தான் செலுத்த வேண்டியிருந்தால் யார்தான் வயரைச் சொருகுவார்கள்?

எடையைப் பற்றியும் ஒரு சொல். 2024-இல் வந்த பிஎம்டபிள்யூ எம்5, 8 சிலிண்டர் எஞ்சினை வைத்துக்கொண்டே பிளக்-இன் ஆனது. முந்தைய தலைமுறையைவிடச் சுமார் 450 கிலோ கூடி 2,400 கிலோவைத் தாண்டியது. பேட்டரி தீர்ந்த பிறகு அந்தக் கூடுதல் சுமையையும் எஞ்சினே இழுக்க வேண்டும். உலகச் சராசரி மின்சாரத்தையும், எஞ்சினில் ஓடும்போது லிட்டருக்கு 9 கி.மீ. என்பதையும் வைத்துக்கொண்டால், பாதித் தூரம் மின்சாரத்தில் ஓடும் கனமான பிளக்-இன் கார் ஆண்டுக்கு 3.4 டன் வெளியிடும். பத்தில் ஒரு பங்கு மட்டும் மின்சாரத்தில் ஓடினால் 4.3 டன், ஐந்தில் நான்கு பங்கு ஓடினால் 2.6 டன். கவனமாகச் சார்ஜ் செய்பவரின் பெரிய பிளக்-இன் கூட, எந்தக் கவனமும் தேவைப்படாத எளிய முழு ஹைப்ரிட்டை எட்டவில்லை என்பதைக் கவனியுங்கள். என் மதிப்பீட்டில், சொகுசு வகையில் இன்று விற்கப்படும் வண்டிகளுள் சொல்லுக்கும் செயலுக்கும் மிகத் தொலைவு இருப்பது இதில்தான்.

முழு மின்கார்தான் இந்த ஒப்பீட்டின் நடுநாயகம். சொகுசுக்கும் மின்சாரத்துக்கும் இடையே பகை எதுவும் இல்லை. ஒரு வகையில் பார்த்தால் அவை பழைய உறவினர்கள். ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்துக்குப் பெயர் கொடுத்தவர்களுள் ஒருவரான சார்லஸ் ரோல்ஸ், நிறுவனம் தோன்றும் முன்பே, 1900-இல், மின்கார் சத்தமும் நாற்றமும் அதிர்வும் அற்றது என்று பாராட்டி, சார்ஜ் செய்யும் நிலையங்கள் நிலைபெற்றால் அது பெரிதும் பயன்படும் என்று கூறியிருந்தார். அந்த நிறுவனத்தின் முதல் மின்காரான ஸ்பெக்டர் வாடிக்கையாளர்களுக்குக் கிடைத்தது 2023-இல். 12 சிலிண்டர் எஞ்சினை ஒரு நூற்றாண்டாகச் செதுக்கியதெல்லாம் அதை எஞ்சின் இருப்பதே தெரியாத அளவுக்கு அமைதியாக்கத்தான். மோட்டாருக்கு அந்த அமைதி பிறவிக்குணம். அமைதி, நிதானமான எழுச்சி, மிதமான குளிர், நல்ல இருக்கை ஆகியவற்றுக்காகச் சொகுசு கார் வாங்குபவர் மின்காரில் எதையும் இழப்பதில்லை. எஞ்சினின் உறுமலுக்காகவே வாங்குபவர் இழப்பார். அவர் தம் தேவை அதுதான் என்பதைத் தெளிவாக உணர்ந்துகொண்டால் மேற்கொண்டு பேசுவது எளிது.

ஆனால் மின்கார் என்பதாலேயே கணக்கு சுத்தமாகிவிடாது. பெரிய சொகுசு மின்கார் 100 கி.மீ. ஓட, சார்ஜ் செய்யும்போது ஏற்படும் இழப்பையும் சேர்த்து, சுமார் 25 யூனிட் மின்சாரம் எடுக்கும். அது முழுக்க நிலக்கரியில் பிறந்த மின்சாரமானால், யூனிட்டுக்கு ஒரு கிலோ என்று கொண்டு, 15,000 கி.மீ.க்கு 3.75 டன் வருகிறது. உலகச் சராசரியான 475 கிராம் அளவில் 1.8 டன். நீர், காற்று, சூரியன், அணு ஆகியவற்றை நம்பியிருக்கும் கட்டமைப்பில் கால் டன்னுக்கும் கீழே. ஆக, நிலக்கரி மின்சாரத்தில் ஓடினாலும் சொகுசு மின்கார், தான் இடம்பிடிக்கும் பெரிய பெட்ரோல் காரைவிட மேல். அதே மின்சாரத்தில் அது எளிய முழு ஹைப்ரிட்டைவிடக் கீழ். மின்கார் ஆதரவாளரும் எதிர்ப்பாளரும் ஒருவரையொருவர் பொய்யர் என்று ஏசுவதற்கு இந்த ஒரு வரியே காரணம்: இருவரும் சரியான எண்ணையே சொல்கிறார்கள், வெவ்வேறு காரோடு ஒப்பிட்டுச் சொல்கிறார்கள்.

பேட்டரியின் தயாரிப்புக் கடனும் இருக்கிறது. ஒரு கிலோவாட்-மணி, அதாவது ஒரு யூனிட், கொள்ளளவுக்கு 60 முதல் 100 கிலோ கரியமில வாயு என்று கொண்டால், 100 கிலோவாட்-மணி பேட்டரிக்கு 6 முதல் 10 டன். நடுவில் 8 டன் என்று வைத்துக்கொள்வோம். புதிய பெரிய பெட்ரோல் கார் வாங்குவதற்குப் பதிலாக மின்கார் வாங்கியவர், உலகச் சராசரி மின்சாரத்தில், அந்தக் கடனை இரண்டு ஆண்டில் அடைத்துவிடுகிறார்; முழு நிலக்கரி மின்சாரத்தில் மூன்றரை ஆண்டு ஆகும். ஓடிக்கொண்டிருக்கும் பழைய பெட்ரோல் காரைக் கைவிட்டு வாங்கினால், முழு வண்டியின் தயாரிப்பும் கணக்கில் ஏறுவதால் நான்கு ஆண்டுக்குச் சற்று மேல். எளிய ஹைப்ரிட் போதும் என்ற நிலையில் இருந்தவர் இந்தப் பெரிய மின்காரை வாங்கினால், மின்சாரம் மேன்மேலும் தூய்மையாகாதவரை, கடன் தீரப் பத்தாண்டுக்கு மேல் ஆகலாம். அவரே 60 கிலோவாட்-மணி பேட்டரி உள்ள நடுத்தர மின்காரை வாங்கியிருந்தால் ஐந்து ஆண்டுக்குள் தீர்ந்திருக்கும். எஞ்சினுக்கு என்ன விதியோ அதே விதி பேட்டரிக்கும்: அளவு பெருத்தால் தீனியும் பெருக்கும். ஜிஎம்சி ஹம்மர் மின்வண்டியின் எடை 4 டன்னைத் தாண்டுகிறது. அதன் பேட்டரி மட்டுமே சிறிய கார் ஒன்றின் எடையான 1,300 கிலோவை ஒட்டி வருகிறது. பெட்ரோல் இல்லை என்பதற்காக அதைச் சிக்கனத்தின் சின்னமாகக் காட்டுவது வேடிக்கை.

வடிவமும் எடையைப் போலவே முக்கியம். காற்றின் தடை வேகத்தின் இருமடிக்கு ஏற்ப ஏறுவதால், நெடுஞ்சாலையில் பெட்டி வடிவ வண்டி பெரும் விலை கொடுக்கிறது. மெர்சிடிஸ் நிறுவனத்தின் ஈக்யூஎஸ் செடான் ஏறத்தாழ 108 கிலோவாட்-மணி பேட்டரியைக் கொண்டு, அதிகாரபூர்வச் சோதனையில் 700 கி.மீ.க்கு மேல் ஓடியது. அதே நிறுவனத்தின் சதுரப் பெட்டி போன்ற ஜி கிளாஸ் மின்வண்டி, 116 கிலோவாட்-மணி பேட்டரியோடு 470 கி.மீ. அளவில் நின்றுவிடுகிறது. சொகுசு மின்கார் என்று முடிவு செய்தவருக்கு, எஸ்யூவியா செடானா என்ற அடுத்த தேர்வு, பெட்ரோலா மின்சாரமா என்ற முதல் தேர்வுக்குக் குறைந்ததன்று. லித்தியம், நிக்கல், கோபால்ட் ஆகியவற்றைத் தோண்டி எடுப்பதால் வரும் கேடுகளும் பேட்டரியின் அளவோடு கூடுகின்றன. கோபால்ட்டும் நிக்கலும் இல்லாத இரும்பு-பாஸ்பேட் பேட்டரி கிடைக்கும் மாதிரியைக் கேட்டு வாங்குவது நல்லது. கனமான மின்கார்களின் டயர் தேய்மானத் துகள் அதிகம் என்பதும் மெய்யே. மோட்டாரே வேகத்தைக் குறைத்து ஆற்றலைத் திரும்பப் பெறுவதால் பிரேக் துகள் குறைகிறது என்பதையும் கூடவே சொல்ல வேண்டும்.

செயற்கை எரிபொருள் பற்றிச் சிலர் நம்பிக்கையோடு பேசுகிறார்கள். போர்ஷே நிறுவனத்தின் முதலீட்டோடு சிலி நாட்டில் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டு பெட்ரோல் தயாரிக்கும் முன்னோடி ஆலை 2022 இறுதியில் இயங்கத் தொடங்கியது. தண்ணீரைப் பிளந்து ஹைட்ரஜன் எடுத்து, அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து எரிபொருளாக்கி, மீண்டும் எஞ்சினில் எரிப்பதற்குள் மின்சாரத்தின் பெரும்பகுதி கரைந்துவிடுகிறது. அதே மின்சாரத்தை நேராகப் பேட்டரியில் ஏற்றினால் ஏறத்தாழ ஐந்து மடங்கு தூரம் ஓடலாம். அருங்காட்சியகத் தரத்திலான பழைய கார்களை உயிரோடு வைத்திருக்க அது உதவும். மரம் நடுவதற்குப் பணம் கொடுத்துவிட்டுப் பெட்ரோல் காரை ஓட்டுவதை நான் ஒரு வழியாகவே எண்ணவில்லை. புகை இன்று வெளியேறிவிடுகிறது, மரம் வளர்வதோ பிறகு.

கடைசியாக, பெருமையற்ற வழி. பெரிய சொகுசு வண்டி வாங்கும் பலர் சொல்லும் காரணம், ஆண்டுக்குச் சில முறை குடும்பத்தோடும் சுமைகளோடும் செய்யும் நீண்ட பயணம். அந்தச் சில நாள்களுக்காக மற்ற நாள்களிலும் ஒருவர் மட்டும் அமர்ந்து இரண்டரை டன் எஃகைக் கடைக்கும் அலுவலகத்துக்கும் இழுத்துச் செல்கிறோம். ஏழு இருக்கையுள்ள வண்டியை அந்த நாள்களில் வாடகைக்கு எடுத்து, மற்ற நாள்களை நல்ல இருக்கையும் அமைதியும் உள்ள நடுத்தர மின்காரிலோ ஹைப்ரிட்டிலோ கழித்தால் ஆண்டுக் கணக்கு ஒன்றரை முதல் இரண்டரை டன்னுக்குள் நின்றுவிடும். தயாரிப்புக் கடனையும் சேர்த்துப் பார்த்தால், எண்களின்படி மற்ற எல்லா வழிகளையும்விட இது மேலானது. ஆனால் கார் வெறும் போக்குவரத்துக் கருவியாக மட்டும் இருந்திருந்தால் சொகுசு கார் என்ற தொழிலே தோன்றியிருக்காது. இந்த வழியைத் தேர்பவருக்கு அளவு குறைவதை இழப்பாகக் கருதாத மனம் வேண்டும். அது இல்லாதவருக்கு இதைத் திணித்தால், ஓராண்டில் பெரிய வண்டி ஒன்றும் கூடுதலாக வாசலில் வந்து நிற்கும். இரண்டு கார்களின் தயாரிப்புக் கடனும் அப்போது அவர் தலையில்.

ஆகவே யாருக்கு எது? ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓட்டாதவர் இருக்கும் வண்டியையே நன்கு பராமரித்து வைத்துக்கொள்ளட்டும். பத்தாயிரத்துக்கு மேல் ஓட்டுபவர், வண்டி நிறுத்தும் இடத்திலேயே சார்ஜ் செய்ய முடியுமானால், தாமதிக்காமல் மின்காருக்கு மாறலாம். செடான் வடிவத்தையும் தேவைக்கு மிஞ்சாத பேட்டரியையும் தேர்ந்துகொண்டால் போதும், நிலக்கரி மின்சாரம் என்ற தயக்கம் பெரிய பெட்ரோல் காரை விட்டு வருபவருக்கு வேண்டியதில்லை. இடைப்பட்டவர்கள், அதாவது மூவாயிரத்துக்கும் பத்தாயிரத்துக்கும் நடுவில் ஓட்டுபவர்கள், இப்போதைய வண்டி ஓடும்வரை ஓட்டிவிட்டு, அது முடியும்போது சிறிய மாற்றாகத் தேடுவதே நல்லது. அவசரம் எதுவும் அவர்களுக்கு இல்லை.

பிளக்-இன் ஹைப்ரிட்டை, வீட்டிலோ அலுவலகத்திலோ தினமும் சார்ஜ் செய்யும் வசதியும், அன்றாட ஓட்டம் அதன் மின்தூரத்துக்குள் அடங்கும் வழக்கமும், அதோடு சார்ஜ் நிலையங்கள் இல்லாத பகுதிகளுக்கு அடிக்கடி செல்லும் கட்டாயமும் ஒருசேர உள்ளவர் மட்டும் எண்ணிப் பார்க்கலாம். அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஜ் செய்ய வழியில்லாமல், ஆண்டுக்கு 15,000 கி.மீ. நகரத்துக்குள்ளேயே ஓட்டுபவருக்கு விற்பனையாளர் பெரும்பாலும் முன்வைப்பது இதே பிளக்-இன்னைத்தான். வரிச்சலுகை இருக்கும் இடங்களில் அந்த வற்புறுத்தல் இன்னும் கூடும். அவருக்குப் பொருந்துவது நான்கு சிலிண்டர் முழு ஹைப்ரிட் செடான். நெரிசலில்தான் அதன் மிச்சம் மிகுதி. லிட்டருக்கு 7 கி.மீ. வண்டியிலிருந்து அதற்கு இறங்கும் அன்றே, ஆண்டுக்கு 1,300 லிட்டர் பெட்ரோல் அவர் செலவிலிருந்து கழிந்துவிடும்.